அவளுடைய பதிலை நான் சொன்னேன்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி கைப்பேசியும் கையுமாகத் துறைக்கு வந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, தென்னாசிய மொழிகளில் ஆய்வு செய்பவர்களை நான்கு மாதம் வந்து தங்கிப் படிக்க அழைத்திருந்தது. பயணச் செலவு, தங்குமிடம், மாதாந்திர உதவித்தொகை எல்லாம் அவர்களுடையது. இடம் ஒன்றே ஒன்று. விண்ணப்பிக்க இருபது நாள் இருந்தது.

பரிந்துரைக் கடிதம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதையும் கேட்டாள். கேட்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"அம்மா, இத நம்ம ஆய்வாளர் குரூப்ல போடணுமாம்மா? போட்டா எல்லாரும் அப்ளை பண்ணுவாங்க. இருக்கறது ஒரு எடம். போடலைன்னா தப்பா?"

எங்கள் துறையில் ஆசிரியர்களை ஐயா, அம்மா என்றுதான் அழைப்பார்கள். அம்மா என்று அழைத்துவிட்டால், அவள் நியாயமான பதில் சொல்லுவாள் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி என் முன்னால் வந்தது. அப்போது நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. எனக்கு வசதியான பதிலை நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

*

2007ஆம் ஆண்டு நான் முழுநேர ஆய்வாளர். தேசியத் தகுதித் தேர்வில் தேறி உதவித்தொகையும் பெற்றுக்கொண்டிருந்தேன். அந்தத் தொகை மாதாமாதம் வராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். என்றாலும் வரும். விடுதியில் அறை இருந்தது. திருமணம் ஆகவில்லை.

என் தோழி பகுதிநேர ஆய்வாளர். ஒரு சுயநிதிக் கல்லூரியில் வாரத்துக்குப் பதினெட்டு மணிநேரம் பாடம் எடுத்துவிட்டு, சனிக்கிழமைகளில் இரண்டு பேருந்து மாறித் துறைக்கு வருவாள். மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. ஒப்பாரிப் பாடல்கள் அவளுடைய ஆய்வுப் பொருள். ஊர் ஊராகப் போய், இழவு வீடுகளில் பாடும் பெண்களைப் பின்னொரு நாள் சந்தித்து உட்காரவைத்துப் பேசிப் பதிவு செய்திருந்தாள். சின்ன டேப் ரிக்கார்டரில் பதிந்த முப்பதுக்கும் மேற்பட்ட கேசட்டுகள். ஒவ்வொரு கேசட்டின் மேலும் பாடியவரின் பெயர், ஊர், தேதி, அன்று உடனிருந்தவர்கள் பெயர் எல்லாம் பந்துமுனைப் பேனாவில் பொடி எழுத்தில் எழுதியிருப்பாள். "அழுதவங்க பேரு இல்லாம அழுகைய மட்டும் எடுத்துட்டு வந்தா அது களவு" என்பாள்.

எங்கள் இருவரில் நல்ல ஆய்வாளர் யார் என்று கேட்டால், அன்றும் எனக்குத் தெரியும். அவள்தான்.

ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் மூன்று மாதம் தங்கிப் படிப்பதற்கான அறிவிப்பு என் நெறியாளருக்கு மின்னஞ்சலில் வந்தது. அவருக்குக் கணினியில் உட்காரப் பொறுமை கிடையாது. அவருடைய மின்னஞ்சல்களைத் திறந்து படித்து, வேண்டியதை அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளை அவர் பார்த்துவிட்டு, "உனக்கு ஏத்ததா இருக்கும்மா, போட்டுப் பாரு" என்றார். விண்ணப்பிக்க மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் மூன்று சனிக்கிழமைகள் வந்தன. மூன்று சனிக்கிழமையும் தோழி வந்தாள். கேண்டீனில் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நான் சொல்லவில்லை.

பொய் சொன்னேன் என்று யாரும் என்னைக் குற்றம் சாட்ட முடியாது. அவளும் கேட்கவில்லை. என் மனத்துக்குள் ஓடிய கணக்கு மட்டும் இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. அவளுக்குக் கைக்குழந்தை மாதிரி ஒரு பிள்ளை. கணவர் விடமாட்டார். மாமியார் விடவே மாட்டார். கல்லூரியில் மூன்று மாதம் விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும். பாஸ்போர்ட் இருக்காது. ஆங்கிலம் தடுமாறும். சொன்னால் ஏக்கம்தான் மிஞ்சும். வீணாக எதற்கு?

பாருங்கள், எவ்வளவு கருணையான கணக்கு! அவளுக்கு வருத்தம் வரக்கூடாது என்பதற்காகவே மறைத்தேன் என்று என்னை நானே நம்பவைத்தேன். கேட்காத கேள்விக்கு அவள் சார்பில் 'முடியாது' என்று நானே பதில் சொன்னேன்.

*

போனேன். அந்த மூன்று மாதங்கள் என் வாழ்க்கையை மாற்றியவை என்பதை மறுக்க மாட்டேன். யாரிடமும் கெஞ்சாமல் நூலகத்தில் உட்கார்ந்து படித்த முதல் அனுபவம் அது. பெரிய பேராசிரியர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் மாணவர்களை அங்குதான் பார்த்தேன். தேநீர் வாங்கிவரச் சொல்லாத ஒரு துறையையும் அங்குதான் பார்த்தேன்.

என் ஆய்வு சங்க அகப்பாடல்களில் செவிலித்தாய் கூற்றுகள் பற்றியது. அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கலந்துரையாடலில் ஒருவர் கேட்டார்: பாடல்களில் வரும் இந்தப் பெண்குரலுக்கும், இன்று கிராமத்துப் பெண்கள் தாமாகக் கட்டிப் பாடும் பாடல்களுக்கும் ஏதாவது உறவு உண்டா? நல்ல கேள்வி. எனக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்ததற்குக் காரணம் கேண்டீனில் தோழி சொன்ன கதைகள். ஒப்பாரியில் பாடுபவள் செத்தவருக்காக அழுவதுபோலத் தொடங்கித் தன் பிறந்தவீட்டுக் குறையையும் புகுந்தவீட்டுக் கொடுமையையும் சொல்லிவிடுவாள்; ஊர் நடுவில் உரக்கச் சொல்ல அவளுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான் என்பது தோழியின் ஆய்வின் மையம். அதைப் பத்து நிமிடம் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். "என்னுடன் படிக்கும் ஒரு தோழி சேகரித்தவை" என்றும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. அந்தப் பெயர் அவர்களுக்கு என்ன பயன் என்று தோன்றியது.

இப்போது அந்தப் பாதையைத் திரும்பிப் பார்க்கிறேன். பாடிய பெண்ணிடமிருந்து தோழிக்கு வந்தபோது பெயரும் ஊரும் தேதியும் கூடவே வந்தன. தோழியிடமிருந்து என்னிடம் வந்தபோது பாடியவர்களின் பெயர்கள் உதிர்ந்தன. என்னிடமிருந்து அந்த அறைக்குப் போனபோது தோழியின் பெயரும் உதிர்ந்தது. கடைசியில் குறிப்பேடுகளில் எஞ்சியது என் பெயர் மட்டுமாகத்தான் இருந்திருக்கும். கல்விப் பரிமாற்றம் என்று நாம் சொல்லும்போது அறிவு மட்டும் கடல் தாண்டுவதில்லை. யாருடைய பெயரில் அது தாண்டுகிறது என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழ்ப் பெண்களின் குரலை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி என்றார். மனதாரச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அறைக்குப் போன பிறகுதான் தொண்டையில் ஏதோ அடைத்தது.

*

பிரதிநிதி என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் கலந்து பயன்படுத்துகிறோம். ஒரு கூட்டத்தார் தேர்ந்து, எங்கள் சார்பில் பேசு என்று அனுப்பப்பட்டவர் ஒரு வகை. இந்தக் கூட்டத்தார் இப்படித்தான் இருப்பார்கள் என்று காட்ட வைக்கப்படும் மாதிரி இன்னொரு வகை. துணிக்கடையில் தொங்கும் மாதிரிச் சேலையை மற்றச் சேலைகள் கூடித் தேர்ந்தெடுப்பதில்லை. கடைக்காரர்தான் எடுத்து மாட்டுகிறார். வெளிநாட்டு மேடைகளில் நம்மில் பலர் இரண்டாவது வகையில் நிற்கிறோம். முதல் வகை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறோம்.

நம் மரபில் இதற்குத் தூது என்ற சொல் இருக்கிறது. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது பாடியதாகப் புறநானூற்றின் 95ஆம் பாடலின் அடிக்குறிப்பு சொல்கிறது. ஒரு பெண்பாற் புலவர், போர் மூளும் நேரத்தில், இன்னொரு அரசவையில் நின்று பேசுகிறார். தமிழ்ப் பெண் எழுத்தாளர்களான நாங்கள் அடிக்கடி பெருமையோடு எடுத்துச் சொல்லும் காட்சி இது. ஆனால் தூதுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அனுப்பியவர் யார் என்று தூதருக்குத் தெரியும். திரும்பி வந்து என்ன பேசினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். என்னை யார் அனுப்பினார்கள்? ஒப்பாரி பாடிய பெண்கள் அனுப்பவில்லை. தோழி அனுப்பவில்லை. திரும்பி வந்து நான் அவர்கள் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை.

பிறருக்காகப் பேசுவதில் உள்ள சிக்கலைப் பற்றி லிண்டா ஆல்காஃப் என்ற பெண்ணிய மெய்யியலாளர் 1991இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. சிக்கல் இருக்கிறது என்பதற்காக அவரவர் தன்னைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வது தீர்வாகிவிடாது என்பது அவருடைய வாதம். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. வாயை மூடிக்கொள்வது ஒழுக்கம் ஆகாது. ஆனால் பேசும் இடத்துக்கு நான் எப்படி வந்தேன், வழியில் யாரைத் தாண்டி வந்தேன் என்பது என் பேச்சின் ஒரு பகுதி. அதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு அரைகுறையாகிவிடும்.

மாதிரியாக மாட்டப்படுவதிலிருந்து தப்பியவர்களும் இருக்கிறார்கள். 1917இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை தொடங்கப்பட்டது. 'கீழைத்தேயப் பெண்கள்' என்று அதன் பெயரிலேயே இருந்தது. அந்த உதவியில் படித்தவர் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியில் படித்து, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள். 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை செய்தார். 1945இல் சி. டி. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் பயன்பட்டது. 'கீழைத்தேயப் பெண்' என்ற பெயரில் அழைக்கப்பட்டவர், கரும்பின் குரோமோசோம்களை எண்ணுபவராக அறியப்பட்டார். அறிவியலில் அது முடிந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு, மொழியையும் பெண்களையும் பற்றியே ஆராய்பவர்களுக்கு, அவ்வளவு எளிதாக முடிவதில்லை. நம் பொருளே நம்மை மாதிரியாக்கப் பார்க்கிறது.

*

என் குற்றத்தைச் சொல்லும்போது, அந்த ஒற்றை இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தட்டுச் சோற்றை இரண்டு பேர் நடுவில் வைத்துவிட்டு, சாப்பிடுகிறவள் எப்படிப்பட்டவள் என்று ஆராய்வது அரை நியாயம்.

அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, முனைவர் பட்ட ஆய்வில் பதிவு செய்திருந்த பெண்கள் 2014-15இல் சுமார் 48 ஆயிரம் பேர். 2021-22இல் அது சுமார் 99 ஆயிரம். ஏழு ஆண்டுகளில் இரண்டு மடங்கு. வாசலில் நிற்கும் கூட்டம் இது. கதவுகள் எத்தனை? பட்டியல் சாதியினருக்கும், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கும் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், 2021-22இல் கூட்டிய பிறகு மொத்த இடங்கள் 125. நாடு முழுமைக்கும் 125. அதில் 30 விழுக்காடு பெண்களுக்கு. 2022இல் வந்த வழிகாட்டு விதிகள் இன்னொன்றையும் சேர்த்தன: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூகவியல் ஆய்வு ஆகியவற்றுக்கு இந்தத் தொகை கிடையாது. இயந்திரவியல் படிக்கப் போகலாம். தன் தாயும் பாட்டியும் ஏன் ஊருக்கு வெளியே வாழ நேர்ந்தது என்று படிக்கப் போக முடியாது. என் தோழியின் ஒப்பாரி ஆய்வும் அந்த விதியின் முன்னால் நிற்க முடியாது. யார் போகலாம் என்பதோடு, போகிறவள் எதைப் பற்றிப் பேசலாம் என்பதையும் கதவே தீர்மானிக்கிறது.

சொற்களும் கதவாகின்றன. ஆய்வு வாழ்க்கையின் தொடக்கத்தில் இருப்பவர்களை நாம் 'இளம் ஆய்வாளர்' என்று தமிழில் எழுதிவருகிறோம். தொடக்கம் என்பது வயதாகிவிட்டது. பதினெட்டு மணிநேரம் பாடம் எடுத்து, பிள்ளை வளர்த்து, பகுதிநேரமாகப் படித்து நாற்பதில் பட்டம் வாங்கும் பெண் அன்றுதான் தொடங்குகிறாள். அவளை இளம் ஆய்வாளர் என்று யாரும் அழைப்பதில்லை. நான் மேலே சொன்ன தேசிய உதவித்தொகைக்கு வயது வரம்பு 35. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முதுமுனைவர் உதவித்தொகை வேறு மாதிரி எண்ணுகிறது: வயதைப் பார்ப்பதில்லை, முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுகள் தாண்டக்கூடாது என்கிறது, மகப்பேறு போன்ற இடைவெளிகளை அந்த எட்டில் சேர்ப்பதில்லை. நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் 2016 முதல் ஆய்வில் இருக்கும் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், ஆய்வேட்டை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டுகளும் தருகின்றன. நல்ல விதிகள். ஆனால் அந்த இரண்டு ஆண்டைப் பயன்படுத்தியவள் வெளியே வரும்போது, அடுத்த கதவின் வயது வரம்பு அவளைத் தாண்டிப் போயிருக்கும்.

பிறகு சின்னச் சின்னத் தாழ்ப்பாள்கள். கல்லூரியின் தடையில்லாச் சான்று. நெறியாளர் கையெழுத்து. வங்கிக் கணக்கில் ஆறு மாத இருப்பு. விசா நேர்காணலுக்குச் சென்னை போகும் செலவு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு மட்டும் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. தேர்வுக் குழு தகுதியை எடைபோடுவது கடைசியில்தான். அதற்கு முன்பே வீடும் கல்லூரியும் வங்கியும் பாதிப் பேரை வடிகட்டிவிடும்.

இத்தனையும் உண்மை. இடங்களைக் குறைவாக வைத்தால், வாசலில் நிற்பவர்களே ஒருவரையொருவர் தள்ளிக்கொள்வார்கள். காவலுக்கு வேறு ஆள் தேவையில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தும், அந்த மூன்று சனிக்கிழமைகள் கணக்கில் கழியவில்லை. அமைப்பு என்னைச் சொல்லாதே என்று கட்டளையிடவில்லை. நான் சொல்லமாட்டேன் என்று அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

*

தோழியிடம் இதைச் சொன்னது பதினோரு ஆண்டு கழித்து. அவளுடைய வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று மாலை. அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. எல்லாருக்கும் மைசூர்பாகும் மிக்சரும் கொடுத்து அனுப்பிவிட்டுப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏன் அன்று சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் ஜெயித்த நாளில் என் பாரத்தையும் அவள் தலையில் வைத்தது இன்னொரு சுயநலமாகவும் இருக்கலாம்.

முழுவதையும் கேட்டாள். நான் அடுக்கிய காரணங்களையும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு அப்ப பாஸ்போர்ட் இருந்துச்சுடி. காலேஜ் முடிச்சதும் சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா கூப்பிட்டாருன்னு அப்பா எடுத்து வெச்சாரு. ஒரு தடவகூட அதுல முத்திர விழல."

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க மாமியார் பிள்ளைய வெச்சுக்கிட்டிருப்பாங்க. ரிக்கார்டு பண்ண ஊரூரா என்கூட வந்ததே அவங்கதான். நீ கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அங்க ஒப்பாரியப் பத்திப் பேசினேன்னியே, யார் பேரச் சொன்ன?" என்று கேட்டாள். ஒரு தோழி என்று சொன்னேன் என்றேன். சிரித்தாள். "நான் கேசட்டு மேல அத்தன பேரு எழுதினேன்" என்றாள். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் பேசிக்கொள்கிறோம். அவள் அதே சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறாள்.

அவள் போயிருப்பாளா, தேர்வாகியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. கணவர் மறுத்திருக்கலாம். கல்லூரி விடுப்புத் தராமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த 'முடியாது' கணவரிடமிருந்து வந்திருந்தால் அவள் அவரோடு சண்டையிட்டிருப்பாள். கல்லூரியிலிருந்து வந்திருந்தால் கல்லூரியோடு. தேர்வுக் குழுவிடமிருந்து வந்திருந்தால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்திருப்பாள். என்னிடமிருந்து வந்த 'முடியாது'வோடு அவளால் சண்டையிட முடியவில்லை. அப்படி ஒன்று சொல்லப்பட்டதே அவளுக்குத் தெரியாது. மாமியாரும் கணவரும் கல்லூரியும் செய்வார்கள் என்று நான் பயந்ததை, அவர்கள் யாரும் செய்யும் முன்பே நான் செய்துமுடித்தேன்.

*

மாணவிக்கு என்ன சொல்வது என்று அன்றிரவு யோசித்தபோது எனக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. பகிர்ந்துகொள் என்று சொன்னால், அது பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அதே பாட்டு அல்லவா? தம்பிக்கு விட்டுக்கொடு. குடும்பத்துக்காக விட்டுக்கொடு. கடைசியாகச் சாப்பிடு. இப்போது தோழிகளுக்காக ஆய்வு வாய்ப்பையும் விட்டுக்கொடு என்று ஒரு பெண்ணியவாதி பேராசிரியை சொல்ல வேண்டுமா? எங்கள் துறையில் படித்த ஆண்கள் எத்தனையோ அறிவிப்புகளைத் தங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் யாரும் இரவில் உட்கார்ந்து இப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. நல்லவளாக இருக்கும் சுமையை ஏன் எப்போதும் பெண்ணிடமே கொடுக்கிறோம்?

இந்தத் தயக்கத்தை ஒதுக்கித் தள்ள நான் விரும்பவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விட்டுக்கொடுப்பதும் மறைக்காமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்த இரவில் பிடிபட்டது.

விட்டுக்கொடுப்பவள் தனக்குரியதைத் துறக்கிறாள். மறைக்காதவள் எதையும் துறப்பதில்லை. அவள் போட்டியிடலாம். வெல்ல ஆசைப்படலாம். தன் கட்டுரையை மற்றவர் கட்டுரையைவிடக் கூர்மையாக்க இரவெல்லாம் கண்விழிக்கலாம். இதில் எதுவும் தவறில்லை. ஆசைப்படாதே என்று பெண்ணிடம் சொல்வதை நாம் நிறுத்தி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். போட்டியில் எதிரில் நிற்பவளை நான் எனக்குச் சமமானவளாக மதிக்கிறேன். மறைக்கும்போது அப்படி மதிப்பதில்லை. அவளுடைய வாழ்க்கையைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் ஒரு முடிவு எடுக்கிறேன். பெண்களின் வாழ்க்கையைப் பற்றி அவர்களைக் கேட்காமல் முடிவெடுப்பவர்களுக்கு எதிராகத்தானே நாம் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கடன் என்ற சொல்லையும் நான் இப்போது வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறேன். எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோது நெறியாளருக்கு நன்றி சொன்னேன். அழைத்தவர்களுக்கு நன்றி சொன்னேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. அத்தனையும் எனக்கு மேலே இருந்தவர்களின் பெயர்கள். வாய்ப்பை யாரோ இரங்கித் தந்த கொடை என்று நினைப்பதால்தான் நன்றி மேல்நோக்கியே போகிறது. அது இருக்கவேண்டிய அளவில் இல்லாத ஓர் உரிமை என்று நினைத்தால், அது கிடைக்காமல் போனவர்கள் கண்ணில் படுவார்கள். போனவள் போகாதவர்களுக்குப் பிரதிநிதியாக வேண்டியதில்லை. அந்தப் பட்டத்தை யாரும் அவளுக்குத் தரவில்லை. அவள் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது, அதைவிடக் கடினமானது: பெயர்களை உதிர்க்காமல் கொண்டுபோவது, திரும்பி வந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்வது.

*

மறுநாள் மாணவி வந்தாள். என் கதையை அவளிடம் முழுவதும் சொன்னேன். அறிவுரையாகச் சொல்லவில்லை. ஆசிரியர் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசிக் கேட்டிராத அவள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அப்ளை பண்ணு. உனக்குத்தான் கெடைக்கணும்னு ஆசப்படு. யாருக்கும் விட்டுக்குடுக்காத. ஆனா யாருக்கு முடியும், யாருக்கு முடியாதுன்னு நீ முடிவு பண்ணாத" என்றேன்.

"போட்டு, அவங்களுக்குக் கெடச்சு எனக்குக் கெடைக்கலைன்னா?" என்றாள்.

"வருத்தமாத்தான் இருக்கும்" என்றேன். அதைத் தவிர வேறு நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

அன்று மாலை அவள் அந்த அறிவிப்பைக் குழுவில் போட்டாள். அவளைத் தவிர மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். நான்கு பரிந்துரைக் கடிதங்கள் எழுதினேன். ஒரே கடிதத்தில் பெயரை மாற்றி எழுதும் வழக்கம் நம் துறைகளில் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இந்த முறை ஒவ்வொருத்திக்கும் தனியாக உட்கார்ந்து எழுதினேன். நான்காவது பெண் பகுதிநேர ஆய்வாளர். குழுவில் அதிகம் பேசாதவள். அவளுக்கு இதெல்லாம் சரிவராது என்று நானே நினைத்திருந்தேன்.

விண்ணப்பம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது இரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"அம்மா, தூங்கிட்டீங்களா? பாஸ்போர்ட்டுல எங்க வீட்டுக்காரர் பேரு சேக்கல. அதனால ஏதாவது பிரச்சனை வருமாம்மா?"

அவளிடமும் பாஸ்போர்ட் இருந்தது.